ஈரல் சொல்லும் சேதி



ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். பிரட்டுக்கு ஓட வேண்டிய அவசரம் இல்லை. வீட்டின் பின்புறம், தண்ணீர்க் குழாயின் அருகே, கூண்டில் வளர்த்த முயல் ஒன்றை அப்பா அறுத்து உரிக்கிறார். அம்மா மசாலை அரைக்கிறார். பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். சற்றுத் தள்ளி நாய் வாலை ஆட்டிக்கொண்டு காத்திருக்கிறது. வயிற்றைக் கீறியதும் அப்பாவின் கை சட்டென்று நின்றுவிடுகிறது. குடலின்மேல், பட்டாணி அளவில், கண்ணாடி மணிகளைப் போன்ற நீர்க்கொப்புளங்கள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கின்றன.

"இதென்னங்க, முத்து முத்தா?" என்கிறார் அம்மா. "சினையா இருந்திருக்குமோ என்னமோ, பாவம்யா" என்கிறார் பாட்டி. "விஷத்தத் தின்னுருக்குண்ணே. அப்படியே தூக்கிப் போட்டுடுங்க" என்கிறார் வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக்காரர். அப்பா கொஞ்சம் யோசிக்கிறார். பிறகு குடலையும் கொப்புளங்களையும் ஒன்றாக வழித்து எடுத்து நாயின் முன் வீசுகிறார். இறைச்சியைக் கழுவிச் சட்டியில் போடுகிறார்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனாலும் முயல் வளர்க்கும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. பாட்டி சொன்னதும் சரியில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் சரியில்லை. அப்பா செய்ததில் பாதி சரி, பாதி தவறு. அந்தத் தவறு எது, அதனால் யாருக்கு என்ன தீங்கு என்பதைத்தான் இன்றைய உரையில் காணப்போகிறோம்.

இந்த அறிவை நாம் யாரிடமிருந்து பெறுகிறோம் தெரியுமா? காட்டு முயலை வேட்டையாடும் மக்களிடமிருந்து. நம் கூண்டில் இருக்கும் முயல், வெள்ளையோ கறுப்போ சாம்பலோ, எந்த நிறமானாலும் ஐரோப்பியக் காட்டு முயலின் வழிவந்ததே. ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளின் பக்கம் வளை தோண்டி வாழ்ந்த அந்தக் காட்டு முயலைத்தான் மனிதன் பிடித்துப் பழக்கிக் கூண்டில் அடைத்தான். ஆகவே, ஐரோப்பிய வேடர் தம் முயலின் வயிற்றில் எதைக் காண்கிறாரோ, அதில் பெரும்பகுதியை நாமும் நம் முயலின் வயிற்றில் காணலாம். நாம் ஆண்டுக்கு நாலைந்து முயலை அறுப்போம். அந்த வேடரோ ஒரே பருவத்தில் பல டசன் முயல்களை உரிப்பவர். பலவற்றைப் பார்த்த கண்ணுக்குத்தான் வித்தியாசமானது எது என்று தெரியும். அவர் கத்தியை வயிற்றில் வைத்ததும் முதலில் பார்ப்பது ஈரலை. ஈரலைப் பார்க்காமல் அவர் அடுத்த வேலைக்குப் போவதில்லை.

வித்தியாசமானதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் வழக்கமானது எப்படியிருக்கும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? நல்ல உடல்நலமுள்ள முயலின் ஈரல் கருஞ்சிவப்பாக, வழவழப்பாக, ஓரங்கள் கூர்மையாக இருக்கும். அதில் பச்சை நிறப் பித்தப்பை ஒட்டியிருக்கும். இரைப்பையின் பக்கத்தில் சிறிய நாக்கைப் போல, மெலிந்து நீண்டு, கருஞ்சிவப்பாக இருப்பது மண்ணீரல். நுரையீரல் இளஞ்சிவப்பு. சிறுநீரகத்தைச் சுற்றி வெள்ளைக் கொழுப்பு இருந்தால் அது நன்றாகத் தின்று வளர்ந்த முயல் என்று பொருள்.

முதல்முறை முயலை அறுப்பவர்கள் பயந்துவிடும் இடம் ஒன்று உண்டு. வயிற்றறையில் பெரும்பங்கை அடைத்துக்கொண்டு, பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்தில், சுருள் சுருளாகக் கிடக்கும் பெரிய பை. புல்லையும் இலையையும் புளிக்கவைத்துச் செரிப்பதற்காக இயற்கை அமைத்த குடல் பை அது. அதன் கடைசியில் விரலைப் போல வெளுத்த, தடித்த வால் ஒன்று நீண்டிருக்கும். சீழ் பிடித்த கட்டி என்று பலர் எண்ணுவது இதைத்தான். அது நோயன்று, ஒவ்வொரு முயலுக்கும் அப்படித்தான் இருக்கும். அந்தப் பையைக் கிழித்துவிட்டால் உள்ளே நூல் துணுக்குகளைப் போல வெண்மையான சிறு புழுக்கள் நெளிவதையும் சில சமயம் காணலாம். அவை முயலின் குடலில் மட்டும் வாழும் கீரிப்பூச்சி வகை. மனிதரிடம் வாழா. அருவருப்பாகத்தான் இருக்கும், ஆபத்து இல்லை.

இனி, வித்தியாசமான அடையாளங்களுக்கு வருவோம்.

முதலாவது, நாம் தொடக்கத்தில் கண்ட நீர்க்கொப்புளங்கள். குடலை மூடியிருக்கும் மெல்லிய கொழுப்புத் திரையிலும் ஈரலின் மேற்பரப்பிலும் இவை ஒட்டியிருக்கும். ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே தெளிந்த நீர். அந்த நீரில் ஒரு வெள்ளைப் புள்ளி. சினை முயலின் குட்டிகளாக இருந்தால் கருப்பையின் குழாய்க்குள் மணி கோத்தாற்போல வரிசையாக இருக்கும். இப்படி வெளியே ஒட்டியிராது. நஞ்சு தின்றதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அந்த வெள்ளைப் புள்ளி ஒரு நாடாப்புழுவின் தலை. கொப்புளம் அந்தப் புழுவின் குழந்தைப் பருவம்.

அந்தப் புழு வளர்ந்து பெரிதாவது முயலிடத்தில் அன்று, நாயிடத்தில். நாயின் குடலில் அது ஒரு மீட்டர், சில வேளை இரண்டு மீட்டர் நீளம் வரை வளரும். அதன் துண்டுகள் முட்டைகளைச் சுமந்துகொண்டு நாயின் மலத்தோடு வெளியேறும். மழை பெய்யும்; முட்டைகள் புல்லில் ஒட்டிக்கொள்ளும். காட்டு முயல் அந்தப் புல்லைத் தானே போய் மேயும். கூண்டு முயலுக்கோ நாமே அந்தப் புல்லை அறுத்துக் கொண்டுவந்து ஊட்டுகிறோம். முயலின் வயிற்றில் முட்டை பொரிந்து, புழுக்குஞ்சு குடலைத் துளைத்து, இரத்த ஓட்டத்தின் வழியே ஈரலை அடையும். அங்கே சில வாரங்கள் ஊர்ந்து திரியும். அது சென்ற பாதை ஈரலில் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். பிறகு ஈரலைவிட்டு வெளியே வந்து, கொப்புளமாக மாறிக் காத்திருக்கும். எதற்காக? இன்னொரு நாய் வந்து தின்னும் நேரத்திற்காக.

1850-களின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருத்துவர் ஃபிரீட்ரிக் குக்கன்மைஸ்டர் இந்த உண்மையை வெளிப்படுத்தினார். முயலின் கொப்புளங்களை நரிக்கும் நாய்க்கும் தின்னக் கொடுத்தார். சில வாரங்கள் கழித்து அவற்றின் குடலைத் திறந்து பார்த்தபோது நாடாப்புழுக்கள் இருந்தன. கொப்புளம் வேறு, புழு வேறு என்று அதுவரை எண்ணியிருந்த உலகம், இரண்டும் ஒன்றே என்று அப்போது அறிந்தது.

ஆகவே நம் கதையிலுள்ள அப்பா இறைச்சியை வைத்துக்கொண்டது சரி. இந்தக் கொப்புளம் மனிதரின் குடலில் புழுவாக வளராது. கொப்புளம் ஒட்டிய உறுப்புகளை நீக்கிவிட்டு, இறைச்சியை நன்றாக வேகவைத்து உண்ணலாம். ஆனால் குடலை நாய்க்குப் போட்டாரே, அதுதான் தவறு. ஏறக்குறைய இரண்டு மாதத்தில் அந்த நாய் முட்டைகளை வெளியேற்றத் தொடங்கிவிடும். அந்த முட்டை படிந்த புல்லை மகன் அறுத்து வருவான். அடுத்த ஈற்று முயல்களின் வயிற்றிலும் அதே முத்துக்கள் இருக்கும். "எத்தனை முயல் வளர்த்தாலும் இப்படியே வருகிறதே" என்று அப்பா சலித்துக்கொள்வார். வருவதற்கான வழியை அவரே திறந்துவிட்டார் என்பது அவருக்குத் தெரியாது.

இரண்டாவது அடையாளம் வயிற்றில் இராது, சதையில் இருக்கும். தோலை உரிக்கும்போது தொடையிலோ முதுகிலோ கழுத்திலோ, எலுமிச்சம்பழ அளவிலும் அதைவிடப் பெரிதாகவும், கூழ் நிறைந்த பை ஒன்று புடைத்துக்கொண்டு நிற்கும். அதைத் திறந்தால் வெள்ளைப் புள்ளிகள் அரிசியை வரிசையாக ஒட்டிவைத்தாற்போல நிறையக் காணப்படும். இதுவும் நாயின் நாடாப்புழுவின் குழந்தைப் பருவமே. ஆனால் இது முன்னதன் உறவுக்கார வகை. முன்னதில் ஒரு பைக்கு ஒரு தலை. இதில் ஒரு பைக்குப் பல தலைகள். அந்தப் பகுதிச் சதையைத் தாராளமாக வெட்டி எறிந்துவிட வேண்டும். சமைத்துத் தின்பதால் இது நம்மைத் தொற்றாது. எனினும் இந்த வகையில் ஒரு கூடுதல் எச்சரிக்கை உண்டு. நாயின் மலத்தில் உள்ள இதன் முட்டை, கழுவாத கையின் வழியே மனிதரின் வாய்க்குள் போய்விட்டால், முயலின் சதையில் வளர்வதைப் போலவே மனித உடலிலும் அது பையாக வளரக்கூடும். மிக அரிதாகவே இப்படி நேர்கிறது. ஆனால் நேரும்போது கண்ணிலும் மூளையிலும்கூட நேர்ந்திருக்கிறது. மண்ணில் விளையாடிவிட்டு அப்படியே சோற்றில் கை வைக்கும் பிள்ளைகளை நினைத்துத்தான் இதைச் சொல்கிறோம்.

மூன்றாவது, ஈரலில் மஞ்சளும் வெள்ளையும் கலந்த கட்டிகள். ஈரல் வழக்கத்தைவிடப் பெருத்திருக்கும். பித்தநீர்க் குழாய்கள் செல்லும் வழியெல்லாம் சிறு மணிகளாகவும் கோடுகளாகவும் இக்கட்டிகள் தோன்றும். கீறினால் கெட்டிப் பால் போன்ற கூழ் வெளிப்படும். இதற்குக் காரணம் காக்சிடியா எனப்படும் நுண்ணுயிர். கோழி வளர்ப்பவர்கள் குஞ்சுகளுக்கு வரும் இரத்தக் கழிச்சலை அறிவார்கள். அதை உண்டாக்கும் உயிரின் நெருங்கிய உறவுதான் இது. 1674-ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டைச் சேர்ந்த லேவன்ஹூக் என்பவர் தாமே செய்த பூதக்கண்ணாடியின்கீழ் முயலின் பித்தநீரை வைத்துப் பார்த்து, முட்டை வடிவத் துகள்களைக் கண்டு எழுதிவைத்தார். அவர் கண்டது இந்தக் காக்சிடியாவையே என்பது அறிஞர் கருத்து. துணி வணிகம் செய்துவந்த ஒருவர், முயலின் ஈரலில் அக்கறை காட்டியதால் அறிவியல் வரலாற்றில் இடம்பெற்றார்!

இந்த நோய் மனிதரைத் தொற்றாது. ஈரலை எறிந்துவிட்டு, உடல் நன்றாக இருந்தால் இறைச்சியை உண்ணலாம். ஆனால் வளர்ப்பவருக்கு இது முக்கியமான சேதி. ஒரு முயலின் ஈரலில் இது தெரிகிறதென்றால் கூண்டிலுள்ள மற்ற முயல்களிடமும் இருக்கும். குட்டிகள்தாம் இதற்கு அதிகம் பலியாகும். வயிறு உப்பி, உடல் மெலிந்து, வளர்ச்சி குன்றிச் சாகும். நோயைப் பரப்பும் வித்துகள் முயலின் புழுக்கையோடு வெளியேறுகின்றன. வெளியேறியவுடனே அவற்றுக்குத் தொற்றும் ஆற்றல் இராது. ஈரத்தில் இரண்டு மூன்று நாள் கிடந்து முதிர வேண்டும். இங்கேதான் நமக்கு வழி பிறக்கிறது. நாள்தோறும் புழுக்கையை அகற்றி, கூண்டின் தரையைக் காய்ந்த நிலையில் வைத்திருந்தால் அவை முதிர்வதற்கு நேரமே கிடைக்காது. தரையில் அடைக்காமல், புழுக்கை கீழே விழும்படி கம்பிவலைத் தளத்தை உயர்த்திக் கட்டுவது இன்னும் நல்லது. நம் நாட்டின் மழைக்கும் ஈரத்துக்கும் இது மிகவும் தேவையான ஏற்பாடு.

நான்காவது அடையாளத்தைச் சற்று நின்று கவனிப்போம். ஈரலில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகள் உப்பைத் தூவினாற்போலப் பரவியிருக்கும். ஈரலோடு மண்ணீரலிலும் அதே புள்ளிகள் இருக்கும். மெலிந்த நாக்கைப் போல இருக்கவேண்டிய மண்ணீரல் வீங்கிக் கறுத்திருக்கும். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேடர்கள் முயலின் ஈரலை அத்தனை கவனமாகப் பார்ப்பது இந்த ஒன்றுக்குப் பயந்துதான். இதன் பெயர் டுலரீமியா. மக்கள் வழக்கில் முயல் காய்ச்சல் என்பார்கள்.

1911-ஆம் ஆண்டு அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் டுலேரி மாவட்டத்தில், தரை அணில்களிடம் பிளேக் நோயைப் போன்ற ஒன்றை ஜார்ஜ் மெக்காய் என்ற மருத்துவர் கண்டார். அந்த ஊரின் பெயரே பின்னர் நோயின் பெயராயிற்று. அதை மனிதரிடம் தொடர்ந்து ஆராய்ந்தவர் எட்வர்டு பிரான்சிஸ். ஆராய்ச்சியின்போது அவருக்கும் அவருடைய ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர்களுக்கும் அதே காய்ச்சல் தொற்றியது. வாஷிங்டன் நகரச் சந்தையில் முயல் உரித்து விற்றவர்களிடமும் அவர் இந்நோயைக் கண்டார். இந்தக் கிருமி இன்று அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. 1939-இல் மட்டும் அமெரிக்காவில் 2,000-க்கும் மேற்பட்டவர்கள் இதனால் பாதிக்கப்பட்டார்கள்.

அவர்களில் பலர் இறைச்சியைத் தின்றதால் நோயுற்றவர்கள் அல்லர், உரித்ததால் நோயுற்றவர்கள். விரலில் ஒரு சிறு கீறல், முள் குத்திய காயம், நகக்கண்ணில் ஒரு வெடிப்பு இருந்தால் போதும். நோயுற்ற முயலின் இரத்தம் அதில் பட்டு, மூன்று முதல் ஐந்து நாளில் அந்த இடம் புண்ணாகும். அக்குளில் நெறி கட்டும். கடுங்காய்ச்சல் வரும். உண்ணி கடித்தும், சிலவகை ஈ கடித்தும், சரியாக வேகாத இறைச்சியை உண்டும் இது வரலாம். இறைச்சியைப் பனிப்பெட்டியில் உறையவைத்தாலும் கிருமி சாவதில்லை. நன்றாக வெந்தால் செத்துவிடும். மருந்து உண்டு. உரிய காலத்தில் மருத்துவரிடம் போனால் குணமாகிவிடும். அந்த நாட்டு வேடர்களிடையே பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. கடும்பனி ஒரு முறை விழுந்த பிறகே முயல் வேட்டைக்குப் புறப்படுவார்கள். பனியில் உண்ணிகள் ஒடுங்கிவிடும்; நோயுற்ற முயல்களும் மடிந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. கிருமியின் பெயர் தெரியாத காலத்திலேயே அனுபவம் கற்றுக்கொடுத்த பாடம் இது.

டுலரீமியா பெரும்பாலும் பூமியின் வடபாதியிலுள்ள குளிர்ந்த நாடுகளின் நோய். நம் கூண்டு முயலை அறுக்கும்போது இதை எண்ணி நடுங்க வேண்டியதில்லை. பிறகு ஏன் இவ்வளவு விரிவாகச் சொன்னோம் என்று கேட்பீர்கள். இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பொது விதி ஒன்று இருக்கிறது. புள்ளி ஈரலில் மட்டும் இருக்கிறதா, மண்ணீரலிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் புள்ளி இருந்து, மண்ணீரல் வீங்கியும் இருந்தால், அந்த விலங்கின் உடல் முழுவதும் கிருமி பரவியிருக்கிறது என்று கொள்ள வேண்டும். முயலானாலும் ஆடானாலும் கோழியானாலும் இந்த விதியை வைத்துக்கொள்ளலாம். எந்தக் கிருமி என்று வெறும் கண்ணால் சொல்ல மருத்துவராலும் இயலாது. அதை உண்ணக்கூடாது என்று முடிவு செய்ய நமக்குக் கண் போதும்.

ஐந்தாவது, இரத்தம். நேற்று மாலை வரை துள்ளிய முயல் காலையில் கூண்டில் செத்துக் கிடக்கிறது. மூக்கில் இரத்தம். திறந்து பார்த்தால் ஈரல் வெளிறி, வலைப் பின்னல் போலக் கோடு கோடாக இருக்கிறது. மூச்சுக்குழாயிலும் நுரையீரலிலும் இரத்தம் கசிந்திருக்கிறது. இது முயலுக்கு வரும் இரத்தப்போக்கு நோய். ஒரு வைரஸ் கிருமியால் வருவது. 1984-இல் சீனாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு உலகெங்கும் பரவியது. 2020-இல் நம் அண்டை நாடான சிங்கப்பூரிலும் வளர்ப்பு முயல்களிடம் காணப்பட்டது. மனிதரை இது தொற்றாது. முயல்களை மட்டும் கூண்டு கூண்டாகக் கொன்றுவிடும். இப்படிச் செத்த முயலை "வீணாகப் போகிறதே" என்று அறுக்கவே கூடாது. பக்கத்து வீட்டாரின் முயல் கூண்டுக்கு அந்தக் கையோடும் காலணியோடும் போகவும் கூடாது. கால்நடை இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

கத்தியை எடுப்பதற்கு முன்பே பார்க்கவேண்டிய அடையாளமும் உண்டு. விலங்கு எப்படி நின்றது, எப்படி ஓடியது, எப்படித் தின்றது? ஆள் நெருங்கியும் ஓடாத காட்டு முயலை நல்ல வேடர் சுடமாட்டார். எளிதாகக் கிடைத்ததே என்று மகிழவும் மாட்டார். நாமும் அப்படியே நடந்துகொள்வோம். மூலையில் குன்றிக் கிடப்பதையும், கண்ணும் மூக்கும் வீங்கியதையும், தீனியை விட்டதையும் அறுக்க வேண்டாம். "சாவதற்குமுன் அறுத்துவிடுவோம்" என்ற பேச்சை நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிறோம். சாகப்போகிறது என்று தெரிந்த பிறகு அதைக் குழம்பாக்குவது சிக்கனம் ஆகாது.

நேயர்களே, இப்போது மீண்டும் அந்த நாயிடம் வருவோம்.

ஐஸ்லாந்து என்று ஒரு நாடு, ஐரோப்பாவின் வடமேற்கே பனிக்கடல் நடுவே இருக்கிறது. ஆடு மேய்ப்பதே அந்த மக்களின் முக்கியத் தொழிலாக இருந்தது. ஆட்டை அறுத்தால் ஈரலையும் நுரையீரலையும் பச்சையாகவே நாய்க்குப் போடுவார்கள். அந்த உறுப்புகளிலும் நீர்க்கொப்புளங்கள் இருந்தன. அவை வேறொரு நாடாப்புழுவின் கொப்புளங்கள். நாயின் குடலில் அந்தப் புழு வளர்ந்தாலும் அரிசியின் நீளத்தைக்கூட எட்டாது. ஆனால் அதன் முட்டை மனிதரின் வயிற்றுக்குள் போனால் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்ப்பைகள் தோன்றி, ஆண்டுக்கணக்கில் பெருத்து உயிரையே வாங்கும். ஐஸ்லாந்து மக்களில் ஏராளமானோர் வயிறு பெருத்து இப்படி மாண்டார்கள். ஹரால்ட் கிராபே என்ற டென்மார்க் அறிஞர் அங்கே சென்று நாய்களை ஆராய்ந்தார். ஏறத்தாழ நான்கில் ஒரு நாயின் குடலில் அந்தப் புழு இருந்தது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? 1864-இல் அந்த மக்களின் மொழியிலேயே ஒரு சிறு நூல் வெளியிடச் செய்தார். அது வீடுதோறும் இலவசமாக வழங்கப்பட்டது. குளிர்கால இரவுகளில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கம்பளி நூற்றுக்கொண்டே கேட்பது அந்நாட்டு வீடுகளின் வழக்கம். இன்று வானொலியருகே அமர்ந்து கைவேலையைப் பார்த்தபடியே நாம் கேட்பதைப் போலத்தான். நூல் சொன்னது இதுதான்: பச்சைக் குடலையும் ஈரலையும் நாய்க்குப் போடாதீர்கள், எரியுங்கள் அல்லது புதையுங்கள், நாயைத் தொட்ட கையைக் கழுவுங்கள். பின்னர் சட்டமும் துணைக்கு வந்தது. அதன்பிறகு பிறந்து வளர்ந்த தலைமுறையினரிடம் அந்நோய் அருகிப்போயிற்று. இன்று அது அந்நாட்டில் ஒழிக்கப்பட்ட நோய். சிறந்த மருந்து கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, அறுவை மருத்துவம் வளர்வதற்கு முன்பே, வீட்டுப் பின்புறத்தில் குடலை எங்கே போடுவது என்ற ஒரு பழக்கத்தை மாற்றியே ஒரு நாடு தன் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டது.

நம்மாலும் இது முடியாதா? நாம் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல.

முயலையோ ஆட்டையோ அறுக்கும்போது கையில் வெட்டுக்காயம் இருந்தால் ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காயம் இல்லாவிட்டாலும் போடுவது நல்லது. பால் வெட்டுபவர்களுக்கும் செம்பனைக் குலை ஏற்றுபவர்களுக்கும் கையில் கீறல் இல்லாத நாள் ஏது? வயிற்றைத் திறந்ததும் ஈரல், மண்ணீரல், நுரையீரல் மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு மேலே செல்லுங்கள். குடலைக் கிழிக்காமல் எடுங்கள். வேண்டாத உறுப்புகளை நாய் தோண்ட முடியாத ஆழத்தில், குறைந்தது முழங்கை அளவுக்கு மேல் குழி வெட்டிப் புதைத்து, மேலே ஒரு கல்லை வையுங்கள். ஓடையிலோ வடிகாலிலோ வீச வேண்டாம். நாய்க்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் நோயற்ற உறுப்புகளை மட்டும் நன்றாகக் கொதிக்க வேகவைத்துக் கொடுங்கள். பூனைக்கும் அவ்வாறே. கத்தி, பலகை, சட்டி ஆகியவற்றைச் சவர்க்காரமும் சுடுநீரும் கொண்டு கழுவிய பிறகே காய்கறி நறுக்க எடுங்கள். கர்ப்பிணிப் பெண்கள் பச்சை இறைச்சியைத் தொடும் வேலையை வீட்டில் வேறொருவரிடம் விட்டுவிடுவது நலம். இறைச்சி எலும்போரத்திலும் சிவப்பு மாறும்வரை வேகட்டும்.

முயலுக்குப் புல் அறுக்கும் பிள்ளைகளிடம், நாய்கள் திரியும் பாதையோரத்தைத் தவிர்க்கச் சொல்லுங்கள். அறுத்த புல்லை வெயிலில் நன்றாக உலர்த்திப் போடுங்கள். வீட்டு நாய்க்குக் கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பூச்சி மருந்து கொடுங்கள். காட்டு விலங்கை வேட்டையாடுவதற்குச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. விலங்கை அறுத்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோ, கையில் ஆறாத புண்ணோ, நெறிக்கட்டோ வந்தால் மருத்துவரிடம் போய் "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். "இன்ன நாளில் இன்ன விலங்கை அறுத்தேன்; ஈரலில் இப்படிப் பார்த்தேன்" என்றும் சொல்லுங்கள். எத்தனையோ காய்ச்சல்கள் ஒன்றைப்போலவே தோன்றும். நீங்கள் கண்டதை நீங்கள் சொன்னால்தான் மருத்துவருக்குத் தெரியும்.

தோட்டத்திலேயே இருப்பவர்களானாலும், தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபெயர்ந்தவர்களானாலும், பின்புறத்தில் ஒரு கூண்டும் வாசலில் ஒரு நாயும் உள்ள வீடுகள் நம்மிடையே பல இருக்கின்றன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழாயடியில் அப்பா கத்தியை எடுக்கும்போது பிள்ளைகள் சுற்றி நிற்கட்டும். விரட்ட வேண்டாம். ஈரலைக் கையில் எடுத்து, "பாரு, இதுதான் நல்ல ஈரல்" என்று காட்டட்டும். நல்லதைப் பார்த்துப் பழகிய கண் கெட்டதைத் தானே கண்டுகொள்ளும். நாய் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கத்தான் செய்யும். அதற்கு ஒரு பிடி சோறு போட்டுவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழி வெட்டப் போகட்டும்.